எந்த நதியாவின் குழந்தை

குழந்தை பிறந்து ஆறு நாளாகியும் அதற்குப் பெயர் இல்லை. கோம்பையில் அது பெரிய விஷயமில்லை. முப்பதாம் நாள் அத்தைக்காரி காதில் சொல்லும்வரை தம்பி என்றும் பய என்றும் கூப்பிட்டுச் சமாளித்துக்கொள்வார்கள். ஆனால் விஜயபாண்டியின் வீட்டில் பெயர் தள்ளிப்போனதற்குச் சடங்கு காரணமில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஒரு எழுத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

விஜயபாண்டி திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் பதித்துக் கொடுப்பவன். முப்பத்திரண்டு வயது. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அக்காள் முத்துமாரியம்மாள்தான் அவனை வளர்த்தாள். கல்யாணமாகி அவள் போனதும் இரண்டு தெரு தள்ளித்தான். அவன் மனைவி நதியா ஆண்டிபட்டிப் பெண். உத்தமபாளையத்தில் ஒரு இ-சேவை மையத்தில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறாள். சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர் என்று கையில் தாள்களோடு வந்து நிற்கிறவர்களுக்குத் திருத்த மனு போட்டுக் கொடுப்பதே அவளுக்கு அன்றாடம். மொக்கைச்சாமி என்று ஒருவர், இங்கிலீஷில் ஒரு எழுத்து கூடிப்போனதற்காகப் பதினோரு மாதம் தாலுகா ஆபீசுக்கு நடந்ததை அவள் கூடவே இருந்து பார்த்தாள். அவளுடைய பெயரிலேயே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஹெச் கிடையாது, ஆதாரில் ஹெச் உண்டு.

விஜயபாண்டி ஆசைப்பட்ட பெயர் மகிழன். நதியா முடியாது என்றாள். இந்த ஊரில் யாருக்கும் ழ வராது, ஆளாளுக்கு மகிளன் என்பார்கள், இங்கிலீஷில் ஒருத்தர் எல் போடுவார், இன்னொருத்தர் இசட்-ஹெச் போடுவார், பிள்ளை பள்ளிக்கூடம் போகுமுன்னே மூன்று பெயர் ஆகிவிடும் என்றாள். எப்படிச் சொன்னாலும் எழுதினாலும் மாறாத பெயராக ஒன்று வேண்டும் என்று போனில் இருபது பெயர் எழுதி வைத்திருந்தாள்.

விஜயபாண்டிக்கு அது உறைத்தது. அவனுக்கே ழ வராது. வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் சொல்லுவான். முத்துமாரியம்மாளுக்கும் அப்படித்தான். காதில் பெயர் சொல்லப்போகிறவள் அவள். தம்பி பெண்டாட்டி தன் வாயைத்தான் குத்திக் காட்டுகிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பிரசவ அறைக்கு வெளியே மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தவள், அதற்குப் பிறகு நதியாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் நதியா சொன்ன காரணம் வேறு, மனசில் இருந்த காரணம் வேறு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் முதல்முறை உண்டாகியிருந்தபோது, விஜயபாண்டி சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு அவள் வயிற்றுப் பக்கம் குனிந்து மகிளா, மகிளா என்று கூப்பிடுவான். நாக்கை மடித்துச் சொல்லுங்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே திருத்துவாள். இரண்டு முறை சரியாகச் சொல்லிவிட்டு மூன்றாம் முறை பழையபடி சொல்லுவான். ஐந்தாம் மாதம் அந்தப் பிள்ளை தங்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெயரை வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. இப்போது அவன் மறுபடியும் அதே பெயரைச் சொன்னதும் அவளுக்கு, ஒரு பிள்ளைக்குத் தைத்த சட்டையை இன்னொரு பிள்ளைக்குப் போடுவது போலத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் எழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பெயர் இல்லாததால் தேனி ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டிய பட்டையில் நதியாவின் குழந்தை என்றே எழுதினார்கள். அவள் பிரசவித்தது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை பக்கத்து அறைக்கு இன்னொரு பெண் வந்தாள். உத்தமபாளையத்து ஜவுளிக்கடை அல்தாப்பின் மனைவி. பெயர் நாதியா. அவளுக்குப் பெண் குழந்தை. இங்கிலீஷில் எழுதினால் ஆதாரில் உள்ளபடி நதியாவுக்கு ஒரு ஹெச் உண்டு, இவளுக்கு இல்லை, அதுதான் வித்தியாசம். குமுளிப் பக்கத்து மலையாள நர்சுகள் இரண்டு பெயரையும் இழுத்துச் சொன்னார்கள். தேனி ஊழியர்கள் இரண்டையும் சுருக்கிச் சொன்னார்கள். நடையில் யாராவது நதியா பேபி என்று கூப்பிட்டால் விஜயபாண்டியும் எழுந்திருப்பான், அல்தாப்பும் எழுந்திருப்பான். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு குழந்தைகளுக்கும் மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் ஒரு நர்சு வந்து, அளவு ஒன்பதுதான், பயமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றாள். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் மட்டும் உடனே கொண்டுவரச் சொன்னாள். தாள்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். குழந்தை காலையிலிருந்து அழவேயில்லை. பார்க்க வந்த இரண்டு பெண்கள், எவ்வளவு அமைதியான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நதியாவுக்குப் பால் கட்டி மார் கனத்தது. எடுத்து வாயில் வைத்தால் இரண்டு வாய் இழுத்துவிட்டுக் குழந்தை சொக்கிப்போனது. வெளுப்பு நிறத்தில் பிறந்தது, சன்னல் வெளிச்சத்தில் வெயில் பட்ட மாதிரி தெரிந்தது. அவளுக்கு அடிமனதில் ஏதோ நெருடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒன்பது என்ற எண் கையில் இருந்தது.

அந்த நேரத்தில் விஜயபாண்டி வந்தான். பிறப்புப் பதிவுக்கான ஃபாரத்தை ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை கேட்பார்கள், எடு, நானே பெயர் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுக்கூடக் கொடுக்கலாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம், தினமும் நான் செய்கிற வேலைதானே என்றாள் அவள். அவனுக்குக் கோபம் வந்தது. தினமும் செய்கிற வேலையில் மற்றவர்களுக்கு எத்தனை பெயர் திருத்தினாயோ, என் பிள்ளைக்கு ஒரு பெயர் எழுத உனக்குக் கை வரவில்லை என்றான். அடுப்படியில் இருந்த முத்துமாரியம்மாள் பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள்.

நதியா உறையை எடுத்து ஃபாரத்தைத் தேடினாள். கையில் முதலில் வந்தது ரத்தப் பரிசோதனைத் தாள். ஐந்து வருடப் பழக்கம், எந்தத் தாள் வந்தாலும் மேலிருந்து ஒவ்வொரு கட்டமாகக் கண் ஓடும். தாயார் பெயர். அதில் ஹெச் இல்லை. வயது, இரண்டு நாள். பாலினம், பெண்.

அவள் மறுபடியும் படித்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் மஞ்சளாக எழும்பியது. வயிற்றை அழுத்தினாள். தொடையை அழுத்தினாள். உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள்.

"இது நம்ம புள்ள ரிப்போர்ட்டு இல்ல" என்றாள்.

விஜயபாண்டிக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விளக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள். நதியாவின் குழந்தை, வியாழக்கிழமை ரத்தம் எடுத்தது, சரியான அளவு என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று நதியா கேட்டாள். அந்தப் பெண் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள்.

"நதியா பேபி இங்கதான இருக்கு. ரெண்டு நாளா லைட்டுல வச்சிருக்கு. நீங்க யாரு பேசுறது?"

நதியா போனைப் பிடித்தபடியே நின்றாள். அவள் குழந்தை அவள் தோளில் கிடந்தது. அங்கே மஞ்சளைக் குறைக்கிற வெளிச்சத்தில் கிடந்தது நாதியாவின் பெண் குழந்தை. வெளிச்சத்தில் வைக்கிற அளவுக்கு ஏறியிருந்த மஞ்சள் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் போய்விட்டது.

வீட்டில் இருந்தது குழாய் ஏற்றுகிற குட்டியானை வண்டி ஒன்றுதான். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். முத்துமாரியம்மாள் அடுப்பை அணைத்தாளா என்றுகூட நினைவில்லாமல் ஓடிவந்து ஏறியிருந்தாள். காலில் செருப்பு இல்லை. உத்தமபாளையம் தாண்டும்வரை நதியா குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தாள். சுண்டும்போது முகத்தைச் சுளித்தது. விட்டால் தலை அவள் முழங்கையில் சாய்ந்தது. சின்னமனூரில் ஒரு தடவை மெல்லிசாக அழுதது. அந்த அழுகை வழக்கமான அழுகை மாதிரி இல்லை. பூனைக்குட்டி கத்துவது போலக் கீச்சென்று எழும்பி நின்றுவிட்டது.

வீரபாண்டிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டிகள் நின்றன. சித்திரைத் திருவிழா. தீச்சட்டி எடுத்தவர்கள் ரோட்டை நிறைத்துக்கொண்டு வந்தார்கள். மேளம், வேப்பிலை, ஈரத்துணி, பிள்ளைகளைத் தோளில் வைத்த ஆட்கள். போலீஸ்காரர் ஒருவர் லாரிகளைப் பக்கத்து வயல் பாதையில் திருப்பிக்கொண்டிருந்தார். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் எடுக்க முடியாது. விஜயபாண்டி ஹாரனை அழுத்திப் பிடித்தான். யாரும் திரும்பவில்லை.

முத்துமாரியம்மாள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். வெறுங்காலோடு கொதிக்கிற தாரில் நின்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தாள். பச்சைப் பிள்ளைக்கு முடியவில்லை, வழி விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள், கும்பிட்டதற்கு விலகாதவர்களைத் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். தீச்சட்டி ஏந்திய ஒரு பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாக ஓரத்தில் ஒதுங்கி, பின்னால் வந்தவர்களையும் ஒதுங்கச் சொன்னாள். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது.

உள்ளே குழந்தை சுண்டினாலும் முகம் சுளிக்கவில்லை.

"தூங்க விடாத. கூப்புடு, கூப்புடு" என்றான் விஜயபாண்டி. அவன் பார்வை ரோட்டில் இருந்தது, குரல் மட்டும் குழந்தைப் பக்கம் திரும்பியது. "ஏலே. ஏலே தம்பி. மகிளா. ஏய் மகிளா, முழிச்சுப் பார்றா. மகிளா."

"அந்தப் பேரச் சொல்லாதீக."

"வேற என்ன சொல்லிக் கூப்பிட? நீயே ஒரு பேரச் சொல்லு, கூப்புடுறேன்."

போனில் எழுதி வைத்த இருபது பெயரில் ஒன்றுகூட அவள் வாய்க்கு வரவில்லை.

"அது அந்தப் புள்ளையோட பேரு" என்றாள். "இவனுக்கு வேண்டாம். இவனும் போயிருவான்."

விஜயபாண்டி கியரை மாற்றினான்.

"எனக்கு ரெண்டு புள்ளன்னு தோணவே இல்ல நதியா. அன்னைக்குப் போனவன்தான் திரும்ப வந்துருக்கான்னு இருந்தேன். ழ வரலன்னுதான் நீ வேண்டாங்கிறேன்னு நெனச்சேன்" என்றான்.

அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை. அவன் கூப்பிடாமல் விட்டது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. மடியில் கிடந்த உடம்பு துணி மாதிரி துவண்டிருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. ஆனால் எதையாவது சொல்லிக் கூப்பிட வேண்டும். ஏதோ ஒரு சத்தம் அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். அவள் குனிந்து அவன் காதோரம் கூப்பிட்டாள். முதலில் சரியாகத்தான் கூப்பிட்டாள். நாலாவது ஐந்தாவது தடவை, பயத்தில் நாக்கு மடியவில்லை. மகிளா, மகிளா என்றே வந்தது. அவளுக்கு அது தெரியவும் இல்லை. பாதத்தை ஓங்கிச் சுண்டினாள். குழந்தை வாயைத் திறந்து கீச்சென்று அழுதது. விஜயபாண்டி ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்து நிமிர்ந்தான்.

கூட்டம் முடிகிற இடத்தில் முத்துமாரியம்மாள் ஏறிக்கொண்டாள். காலில் கொப்புளம் போட்டிருந்தது. அதை அவள் காட்டவில்லை. இரண்டு நாள் கழித்து நொண்டி நடந்தபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் பையனைக் கையில் வாங்கியதுமே நடையை ஓட்டமாக்கினார். ரத்தம் எடுத்து இருபது நிமிடத்தில் அளவு வந்தது. இருபத்து நாலு புள்ளி ஆறு. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இந்த அளவு மூளையையும் காதையும் தாக்கலாம் என்றார். இரண்டு பக்கமும் நீல வெளிச்சம் போட்டு நாலு மணி நேரம் பார்ப்போம். இறங்காவிட்டால் குழந்தையின் ரத்தத்தையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டும். இப்போதே ரத்தத்துக்கு எழுதி அனுப்புகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

வெளிச்ச அறைக்குள் ஒரே ஒரு பெட்டியில்தான் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதில் கண்ணில் துணிப்பட்டை கட்டியபடி ஒரு பெண் குழந்தை கிடந்தது. நர்சு ஒருத்தி அதைத் தூக்கி வெளியே கொண்டுவந்து அதன் தாயிடம் கொடுத்தாள். நாதியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அல்தாப் வேகமாக வந்தான். பேத்திக்கு மூளை பாதிக்கும் என்று இரண்டு நாளாகத் தன் தாயார் தொழுகைப் பாயை விட்டு எழவில்லை என்று அவன் டாக்டரிடம் உரக்கச் சொன்னான். எதனால் இப்படி என்று கேட்டுவிட்டுத் திரும்பியபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் குழந்தை கிடந்த அதே இடத்தில் இன்னொரு குழந்தையைக் கிடத்துவதைப் பார்த்தான். கையை ஓங்கிப் பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். பிறகு விஜயபாண்டியின் பக்கத்தில் வந்து நின்றான்.

ரத்தம் கேட்கிற தாளோடு வந்த நர்சு குமுளிக்காரி, ஜின்சி என்று பெயர். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். விஜயபாண்டி நதியாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"பேர் இடலேன்னா நதியா பேபின்னே எழுதட்டே சேச்சி?" என்றாள் ஜின்சி.

"அப்படி எழுதாதீக." நதியா எழுந்து நின்றாள். தையல் போட்ட இடம் வலித்ததில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மகிழன்னு எழுதுங்க."

ஜின்சி அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். ழ அவள் வாயில் தண்ணீர் வழிவது மாதிரி வந்தது. தாளில் இசட்-ஹெச் போட்டு எழுதினாள். உள்ளே இருந்த இன்னொரு நர்சு, காதில் விழுந்ததை வைத்துக் கைப்பட்டையில் எல் போட்டு எழுதிவிட்டாள். நதியா கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாள். கதவைத் தட்டினாள். பட்டையையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். யார் எப்படிக் கூப்பிட்டாலும் கவலையில்லை, எழுதினது மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், சேர்க்கை எண்ணும் தகப்பன் பெயரும் கூடவே வேண்டும் என்றாள். பட்டையை வெட்டிவிட்டு வேறு கட்டினார்கள். ரத்தக் குழாயில் ஒட்டின சீட்டையும் வாங்கி அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்த பிறகே அனுப்பினார்கள். அவசரத்தில் எரிச்சலோடு நின்ற ஊழியரும் அதுவரை காத்திருந்தார்.

நாலு மணி நேரம் பெரிய நேரம். முத்துமாரியம்மாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெயர் எழுதினதை அவளும் கேட்டிருந்தாள். நாதியா தன் குழந்தையோடு வந்து நதியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மூன்று நாள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தும் பேசினதில்லை. தன் பெண்ணுக்கு ஸானியா என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னாள். உங்கள் பிள்ளைக்கான வெளிச்சத்தில் என் பிள்ளை கிடந்துவிட்டதே என்றாள். நதியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரவு ஒன்பது மணி வாக்கில் அளவு வந்தது. இருபத்தொன்று புள்ளி எட்டு. இறங்குகிறது, ரத்தம் மாற்றுவதை இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம் என்றார் டாக்டர். மறுநாள் காலை பதினெட்டு. அதற்கு மறுநாள் பதிமூன்று. ரத்தம் மாற்றவே தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழந்தை பசித்து, சாதாரணக் குழந்தை அழுகிற மாதிரி, அறை அதிர அழுதது. விஜயபாண்டி வெளியே போய் நின்றுகொண்டான்.

ஆனால் கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். இவ்வளவு உயரம் போன மஞ்சள் காது நரம்பைத் தொட்டிருக்கலாம். இப்போது பார்த்துத் தெரியாது. ஒன்றரை மாதத்தில் மதுரையில் ஒரு சோதனை செய்ய வேண்டும். அதுவரைக்கும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியின் மேல் இரண்டு குடும்பமும் சேர்ந்து புகார் எழுதிக் கொடுத்தார்கள். எழுதினது நதியாதான். இரண்டு தாய்மாருடைய பெயரையும் இரண்டு குழந்தைகளுடைய பெயரையும் பட்டையில் இருந்தபடியே எழுதினாள். மூன்று வாரம் கழித்து மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. இனி எண் பார்க்காமல் எந்தத் தாளும் கொடுக்கப்படாது என்று அதில் இருந்தது. உறையின் மேல் நதியாவின் பெயரில் ஹெச் இல்லை.

வீட்டில் சோதனைத் தேதிக்காகக் காத்திருந்த நாட்கள் கொடுமையாக இருந்தன. விஜயபாண்டி போகிற போக்கில் கதவைத் தட்டிப் பார்ப்பான். குழந்தை திடுக்கிட்டால் காற்றுப்பட்டதாலா சத்தத்தாலா என்று இருவருக்கும் சந்தேகம் வரும். திடுக்கிடாவிட்டால் தூக்கமாக இருக்கும் என்று சொல்லிக்கொள்வார்கள். நதியா இரண்டு வேளையும் வாசல் வெளிச்சத்தில் மூக்கு நுனியை அழுத்திப் பார்த்தாள்.

முப்பதாம் நாள் பெயர் சூட்டு. அழைத்தது பத்துப் பேரைத்தான். அதற்கு முந்தின வாரம் முழுக்க முத்துமாரியம்மாள் தன் வீட்டில் நாக்கை மடித்துச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்ததாக அவள் மகள் தேவயானி வந்து சொன்னாள். அன்று காலையில் நதியா அவளிடம் போய், உங்களுக்கு எப்படி வருகிறதோ அப்படியே சொல்லுங்கள் மதினி என்றாள். முத்துமாரியம்மாள் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு குழந்தைக்கு எந்தச் சட்டை போடுவது என்று கேட்டாள்.

அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கையைக் குவித்து, வலது காதில் மூன்று தடவை சொன்னாள். என்ன எழுத்தாகச் சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் யாரும் நினைக்கவில்லை. எல்லோரும் குழந்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை. பால் குடித்த அசதியில் தூங்கிக்கொண்டிருந்தது. முத்துமாரியம்மாள் நாலாம் தடவையும் சொன்னாள், ஐந்தாம் தடவை சத்தமாகவே சொன்னாள். விஜயபாண்டி எழுந்து பந்திக்கு இலை எடுக்கப் போனான். நதியா கொல்லைப்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, முதல் பிள்ளையை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். அந்தப் பெயரை அதனிடமிருந்து எடுத்துக் கொடுத்தது சரியா தப்பா என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து விருந்தாளிகளுக்குப் பாயசம் ஊற்றினாள்.

நாற்பத்து மூன்றாம் நாள் மதுரைக்குப் போனார்கள். இருட்டாக்கின சின்ன அறையில் தூங்குகிற குழந்தையின் தலையில் மூன்று இடத்தில் கம்பி ஒட்டினார்கள். காதில் சின்னச் சின்ன அடைப்பான். கணினித் திரையில் கோடுகள் ஓடின. சோதனை செய்த இளைஞர் தாளைப் பார்த்து மாகிலன் என்று ஒரு புதுவிதமாகப் படித்தார். நதியா ஆமாம் என்றாள். அவர் முதலில் வலது காது, பிறகு இடது காது பார்த்தார். சத்தத்தைக் குறைத்துக் குறைத்து வைத்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் வலது காதை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று கம்பியை மாற்றி ஒட்டியபோது விஜயபாண்டி நதியாவின் முழங்கையைப் பிடித்தான். விடவே இல்லை.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அவர் விளக்கைப் போட்டார்.

"ரெண்டு காதும் நல்லாக் கேக்குது. முதல்ல கம்பி சரியா ஒட்டல, அதான் திரும்பப் பாத்தேன்" என்றார்.

விஜயபாண்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏறுகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். நதியா போனை எடுத்து முத்துமாரியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நதியா இரண்டு தடவை மதினி மதினி என்றாள்.

"இருக்கேன்த்தா" என்றாள் முத்துமாரியம்மாள். "அப்ப அன்னைக்கு நான் சொன்னது அவனுக்குக் கேட்டுருக்கும்ல?"

"கேட்டுருக்கும் மதினி" என்றாள் நதியா.